மிஞ்சிய மண்

அன்றைக்கு அந்தச் சரிவில் நின்றவர்கள் ஆறு பேர். எஞ்சினியர். அவருடைய மனைவி, நாங்கள் எல்லாரும் அன்ரி என்று கூப்பிடுகிறவர். எஞ்சினியரின் தங்கை, ஊரில் கணக்குப் படிப்பித்தவர் என்பதால் எல்லாருக்கும் ரீச்சர். பூசைக்கு வந்த ஐயர். எஞ்சினியர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த தமிழ்நாட்டுக் கணினிக்காரத் தம்பி. கைபேசியில் படம் பிடிக்கும் பொறுப்பு அவனுடையது. ஆறாவது ஆள் நான், குழி வெட்ட வந்தவன். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தச் சரிவுக்கு நடந்தது நடந்த பிறகு, அன்றைக்குத் தாங்களும் நின்றதாகவும், தங்களுக்கு அப்போதே தெரியும் என்றும் சொல்லிக்கொள்ளும் ஆட்கள் மெல்பேர்னில் நாற்பது ஐம்பது பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான் நின்றான். அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாளின் மிச்சமாக என்னிடம் இருப்பது ஒரு தயிர் வாளி. இரண்டு கிலோ தயிர் வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. எங்கள் ஆட்களின் வீடுகளில் அது ஒருபோதும் குப்பைக்குப் போகாது. சாம்பார் கொண்டுபோக, பருப்புப் போட்டு வைக்க, பூசைக்குத் தண்ணீர் எடுக்க. ரீச்சர் அன்றைக்குத் தண்ணீர் கொண்டு வந்தது அதில்தான். தண்ணீர் முடிந்ததும் நான் அதை வாங்கி, வெட்டிய மண்ணில் விளிம்புவரை அள்ளி, மூடியை அழுத்தி, லொறியின் முன் இருக்கையில் வைத்தேன். இப்போது அது கராஜில், பெயின்ற் தகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போதாவது தூக்கும்போது கை ஏமாந்துபோகும். வாளி நிறைய மண் என்று தயாராகிற கைக்குப் பாதிப் பாரம்தான் வந்து சேரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏன் விட்டேன் என்பது எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் எல்லாருடைய கதையும்தான்; அதை இங்கே நீட்ட வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்து கோழித் தொழிற்சாலை, கார் கழுவுமிடம் எல்லாம் பார்த்து, கடைசியில் மண் கிண்டுகிற ஒரு சின்ன டிகரும் அதை ஏற்ற ஒரு ட்ரெயிலரும் என்று நின்றேன். வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்துக்கு முன்னால் மண் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்கிற நிறுவனத்தார் வெள்ளைத் தொப்பி போட்டுக் கரையில் நிற்பார்கள். நான் குழி வெட்டுவேன். அவர்கள் மண்ணை உள்ளங்கையில் வைத்து நனைத்து உருட்டி, பெருவிரலால் நாடாப்போலத் தள்ளிப் பார்த்து எழுதுவார்கள். அவர்கள் எழுதியதை நான் பார்த்ததில்லை. அவர்கள் கைகளைப் பார்த்தேன். சில வருசத்தில் என் கையும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கவலைக்காரன். ட்ரெயிலரைக் கொழுவினால் சங்கிலியை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். சரிவில் நிறுத்தினால் கை பிறேக்கை நம்பாமல் நாலு சில்லுக்கும் கட்டை வைப்பேன். வேலை இல்லாத நாளிலும் மழை வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "உங்களுக்குக் கவலை இல்லாட்டி அந்தக் கவலை வந்திடும்" என்பாள் மனைவி. அது குறைதான். ஆனால் மலைச்சரிவில் குழி வெட்டுகிறவனுக்கு அந்தக் குறை ஒரு கருவி. சரிவில் நிற்கும்போது என் அடிவயிறு எதையாவது சொன்னால், பெரும்பாலும் மண்ணும் அதையே சொல்லும்.

அந்தச் சரிவு த பேசின் என்ற ஊரில் இருந்து மேலே ஏறும் பாதையில் இருந்தது. டண்டினோங் மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியும் ஸ்கோனும் சாப்பிடப் போகிற ஆட்களுக்கு அது வெறும் அழகு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற யூகலிப்டஸ் மரங்கள், கீழே குடைபோல விரிந்த மரப்பன்னங்கள், எப்போதும் ஈரமான நிழல். அந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாம். கக்கிய சாம்பல் தன் சூட்டிலேயே ஒட்டி இறுகிக் கல்லானது. அந்தக் கல் எண்ண முடியாத காலம் மழையில் உக்கித் திரும்ப மண்ணானது. பரிசோதிக்க வந்த ஒரு பெட்டை, குழிக்கரையில் குந்தியிருந்து சாண்ட்விச் சாப்பிட்டபடி எனக்கு இதைச் சொன்னாள். சொல்லும்போது மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள், பூனையைத் தடவுகிற மாதிரி.

அந்த மண் மற்ற மண் மாதிரி இல்லை. மேலே ஒரு சாண் கறுப்பு. அதற்குக் கீழே செம்மண்ணிறம். அவித்த புட்டு மாதிரி உதிரும். அள்ளினால் பாரம் இராது. பிசைந்தால் முதலில் வறண்ட மாப் போலத்தான் இருக்கும். விடாமல் பெருவிரலால் தேய்த்தால், எங்கே இருந்தது என்றே தெரியாமல் தண்ணீர் கசிந்து, வெண்டிக்காய்க்குள் விரல் விட்டதுபோல வழுவழுக்கும். தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிற மண். நடுவே கல். கைமுட்டி அளவு, தேங்காய் அளவு, எல்லாம் கூர் கூராக. ஆற்றோடு வந்த கல் என்றால் உருண்டிருக்கும். கூர் மழுங்காத கல் சரிவோடு சறுக்கி வந்து குந்திய கல். ஒருதரம் வந்தது இன்னொருதரமும் போகும். கல்லைப் பார்த்தவுடன் "நல்ல இறுக்கமான தரை" என்று சொல்லுவான் தெரியாதவன். அந்தக் கல் எதன்மேலும் இருப்பதில்லை. புட்டுக்குள் கிடக்கிற தேங்காய்ச் சொட்டு மாதிரி அது மண்ணுக்குள் மிதக்கிறது. மழைத் தண்ணீர் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவால் விழுந்தோடிப் போய், கீழே சாம்பல் மஞ்சளாய்க் கிடக்கும் களிமண்ணில் முட்டி நிற்கும். நின்று, களியின் முதுகை நனைத்து, சரிவின் பக்கமாக மெல்ல ஓடும். சவர்க்காரத்தில் தண்ணீர் ஊற்றியது மாதிரி. அந்த வளவில் நின்ற இளம் மரங்களின் அடியெல்லாம் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தன. மரம் பிழையாக வளர்வதில்லை. அதன் கீழே தரை நகர்ந்துகொண்டிருக்கிறது, மரம் திருத்திக்கொண்டிருக்கிறது. இதை வாசிக்க எந்த வகுப்பும் வேண்டாம்.

எஞ்சினியர் அதை வாசிக்கவில்லை. அவர் தன் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துக்களை மட்டும் வாசிக்கிற மனிதர். ஊரில் நீர்ப்பாசனத்தில் குளக்கட்டுக் கட்டினவர் என்று அவரே சொல்லுவார். கோயிலில், கலியாணத்தில், செத்தவீட்டில்கூட. ஒருநாள் குசினியில் அன்ரி வடை பொரித்துக்கொண்டு, தான் என்ன சொல்கிறேன் என்று நினையாமல், "இவர் அங்கை கனகாலம் பெற்றோல் கூப்பன் தானே எழுதினவர், பாவம், வெயிலுக்குள்ளை விடேல்லை அவங்கள்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் குளக்கட்டு என்று தொடங்கினாலே பெற்றோல் மணக்கும். மலையில் வீடு வாங்கியதும் மெல்பேர்ன் வெளிச்சம் தெரிகிறது என்பதற்காகத்தான். விருந்தினரைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கையை விரித்து, அந்த நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது தான்தான் என்பது போல நிற்பார். நாங்கள் அவரை "எஞ்சினியர் ஐயா" என்று கூப்பிட வேண்டும். வெறும் "அங்கிள்" என்று கூப்பிட்ட பையனுக்கு அவர் பதில் சொல்லாததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கீழ்ச்சரிவில் தங்கைக்கு ஒரு சின்ன வீடு வைப்பது அவருடைய திட்டம். காசு தங்கையுடையது. ரீச்சரின் புருசன் போய்ச் சேர்ந்து கன வருசம்; பிள்ளைகள் இல்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்து, கீழே டண்டினோங் நகரில் ஒரு சின்ன யூனிற் வீட்டுக்குக் கடன் கட்டி முடித்திருந்தார். அதை விற்று அண்ணனோடு மலைக்கு வரச் சொல்லி எஞ்சினியர் இரண்டு வருசமாகப் பிடித்த பிடி. தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து இறக்குகிற வீடு. அதற்கு அனுமதி தேவையில்லை என்று அவரே தீர்மானித்திருந்தார். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி, தட்டையாக்கி, அதன்மேல் வீடு. ஒரு மீற்றருக்குக் குறைந்த மதிலுக்கும் அனுமதி வேண்டாமாம். ஆகவே படிக்கட்டு மாதிரி மூன்று மதில், ஒவ்வொன்றும் மீற்றருக்கு ஒரு சாண் குறைவாக. இதை அவர் சொல்லும்போது கவுன்சிலைத் தனி ஆளாகத் தோற்கடித்த சிரிப்பு முகத்தில் இருந்தது. மண் பரிசோதனை ஏதும் செய்தீர்களா என்று நான் கேட்டேன். "செய்யத்தானே உம்மைக் கூப்பிட்டனான்" என்றார்.

அவர் சொன்ன பரிசோதனை இதுதான். நல்ல நாள் பார்த்து, வளவின் நடுவே ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம், ஒரு முழம் ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைத் திரும்ப அதே குழியில் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம். மட்டமாக நின்றால் மத்திமம். காணாமல் போனால் அந்த நிலத்தை விட்டு ஓட வேண்டும். நான் இதைப் பழிக்க மாட்டேன். எங்கள் பக்கத்துத் தரையில், மட்டமான நிலத்தில், இறுகின மண்ணில், அது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். ஆனால் புட்டு மாதிரி மண்ணைக் கிளறிவிட்டால் அது பொங்கும். எந்த மடையன் கிளறினாலும் பொங்கும். அந்த மண்ணில் அந்தச் சோதனை ஒருபோதும் தோற்காது.

டிகரைக் கிட்டக் கொண்டுவர எஞ்சினியர் விடவில்லை, மண்வெட்டியால்தான் வெட்டினேன். ஐயர் குங்குமமும் பூவும் போட்டு, குழிக்கும் மண்ணுக்கும் தீபம் காட்டினார். பிறகு நான் மண்ணைத் திரும்பத் தள்ளினேன். குழி நிறைந்தது. கரையில் இன்னும் கிடந்தது. அதையும் ஏற்றினேன். ஒரு சாண் உயரத்துக்குக் கும்பமாக நின்றது, நடுவில் ஒரு செவ்வரத்தம் பூ.

"பாத்தியளே! மிஞ்சியிட்டுது!" என்றார் எஞ்சினியர். குரல் பள்ளத்தாக்கில் போய் எதிரொலித்தது.

"சூப்பர் சார், எல்லாம் ரெக்கார்ட் ஆயிடுச்சு" என்றான் தம்பி.

"உத்தமம், உத்தமம்" என்றார் ஐயர். அவருக்கு அடுத்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரமாகிவிட்டது.

எல்லாரும் சிரிக்க, ரீச்சர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணக்குப் படிப்பித்த கண். விடை சரியாக வந்தாலும் வழி பிழை என்றால் கண்டுபிடிக்கிற கண். எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் சப்பாத்தை அந்தக் கும்பத்தின்மேல் வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு இரண்டுதரம் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு முழக் குழியில் கும்பமாக நின்ற மண் அவர்கள் எல்லாருடைய கண் முன்னாலும் அமுங்கிக் குழிக்குள்ளேயே இறங்கியிருக்கும். அதன்மேல் வீடு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. நான் காலைத் தூக்கினேன்.

"ஏய், ஏய்! சப்பாத்துக் காலாலை மிதிக்காதையும்! பூசை வச்ச மண்!" என்று எஞ்சினியர் கத்தினார்.

காலை எடுத்துவிட்டேன். ரீச்சரிடம் வெறும் வாளியை வாங்கி மண்ணை அள்ளினேன், ஏதோ பிரசாதம் எடுக்கிறவன் மாதிரி.

வெளிக்கிடும்போது ரீச்சர் லொறியடிக்கு வந்தார். கைப்பையைத் திறந்து, எண்ணி வைத்திருந்த காசை நீட்டினார். "தம்பி, இது பூசை. இதை நான் பிழை எண்டு சொல்லேல்லை. ஆனால் நீங்கள் வேறை ஆக்களுக்கு வெட்டுற மாதிரி ஒரு குழி எனக்கும் வெட்டிப் பாருங்கோ. ஆழமா. பாத்திட்டு, ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லு சொன்னாக் காணும். என்ரை யூனிற்றை விக்கிறதுக்கு முதல் எனக்கு அந்த ஒரு சொல்லு வேணும்."

"வெட்டினாப் பிறகு தாங்கோவன் ரீச்சர்."

"முதலே தந்தாத்தான் நீங்கள் வருவியள். உங்களைப் பாத்தா யோசிச்சு யோசிச்சே வராமல் விடுற ஆள் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனைப் பூட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிகரை ஏற்றிக்கொண்டு போனேன். எஞ்சினியர் கேற்றடியில் தொப்பியோடு நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது, அன்ரியாக இருக்கும்.

"ஆர் உம்மைக் கூப்பிட்டது?"

"ரீச்சர்தான் ஐயா. ஆழமா ஒருக்காப் பாக்கச் சொன்னவா."

"அவவுக்குக் கணக்குத் தெரியும். மண் எனக்குத் தெரியும். நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"எட்டு."

"அப்ப எட்டடிக்குக் கீழை கிண்டாதையும். அதுக்குக் கீழை உமக்கு விளங்காது." தன் பகிடிக்குத் தானே நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நான் நல்லதுக்குச் சொல்லுறன். மண்ணைப் பற்றிச் சொல்ல உமக்கு லைசென்ஸ் இருக்கே? கூடாது எண்டு எழுதிக் கையெழுத்து வச்சுத் தாரும் பாப்பம். அவள் வீடு விக்காமல் விட்டு, நாளைக்கு விலை விழுந்தா வழக்கு உம்மிலைதான் வரும்."

என்னை மாதிரி ஆளை எங்கே அமுக்கினால் தண்ணீர் கசியும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மண் தெரியாதவருக்கு அது தெரிந்திருந்தது. நான் ட்ரெயிலரைத் திருப்பினேன்.

ரீச்சருக்குச் சொல்லியிருக்கலாம். தொலைபேசி இருந்தது. "அண்ணை விடேல்லை, ஆனால் எனக்கு இந்தத் தரை பிடிக்கேல்லை" என்று எழுதினேன். அழித்தேன். சறுக்காமல் விட்டால்? மூன்று தலைமுறைக்குச் சறுக்காத சரிவுகளும் இருக்கின்றன. ஒரு அண்ணன் தங்கையைப் பிரித்த பழி எனக்கு வரும். திரும்ப எழுதினேன். வழக்கு என்ற சொல் நினைவுக்கு வந்தது; அழித்தேன். மூன்று கிழமை இப்படிப் போனது. லைசென்ஸ் இல்லாதவன், எட்டாம் வகுப்பு, என் ஆங்கிலம், நீதிமன்றக் கதிரை, என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கவலைப்பட்டேன். அந்த வரிசையில் ரீச்சர் கடைசியாகத்தான் வந்தார். நாலாவது கிழமை அவருடைய யூனிற் விலைப்பட்டுவிட்டது என்று மனைவி வந்து சொன்னாள்.

வீடு லொறியில் வந்து இறங்கியது. தரை வெட்டியதும் தள்ளியதும் வேறு ஒரு டிகர்க்காரன். வெள்ளைக்காரன் என்பதால் அவனிடம் வகுப்புக் கேட்கப்படவில்லை. பால் காய்ச்சினார்கள். நான் போகவில்லை; முதுகு பிடித்துவிட்டது என்று சொன்னேன். இரண்டு குளிர்காலம் ஒன்றும் நடக்கவில்லை. நான் சந்தோசப்பட்டேன், அதைவிட அதிகமாக நிம்மதிப்பட்டேன். மூன்றாம் வருசம் ரீச்சரின் குளியலறைக் கதவு பூட்டுப்படவில்லை. எஞ்சினியர் கதவைச் சீவினார். பிறகு மதிலுக்கும் தரைக்கும் நடுவே கை போகிற அளவு வெடிப்பு வந்தது. சீமெந்து ஊற்றினார். புதுத் தரை படிகிறதற்கு "செற்றில்மென்ற்" என்று ஒரு சொல்லையும் அதன்மேல் ஊற்றினார். மேல்வீட்டுக் கூரைத் தண்ணீரை அவர் குழாய் போட்டு அந்தச் சரிவிலேயே விட்டிருந்தது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மரப்பன்னங்களுக்கு நல்லதாம்.

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது, பத்து மணி போல, மூன்று மதிலும் ஒன்றன்மேல் ஒன்று குனிந்தன. தட்டையாக்கிய தரை அப்படியே, அவசரமில்லாமல், கீழே போனது. வீடு அதோடு போய், அரை வட்டம் திரும்பி, இரண்டு பெரிய மரங்களில் சாய்ந்து நின்றது. ரீச்சர் முதியோர் இல்லத்தில் எழுபது பேருக்குச் சூப் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் காயமில்லை. ஒருவருக்கும் காயமில்லை என்பதை எஞ்சினியர் பிறகு தன் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

சாமான் எடுக்க எஞ்சினியர் என்னைத்தான் கூப்பிட்டார். குறைந்த காசுக்கு வருவேன் என்று. போனேன். மேலே நின்று பார்த்தால், ஒரு கத்தியால் மலையைச் சீவினது மாதிரி முழுக் கதையும் திறந்து கிடந்தது. மேலே கறுப்பு, பிறகு செம்புட்டு, கூர்க்கல், அதற்குக் கீழே பளபளவென்று ஈரமாய்ச் சாம்பல் மஞ்சள் களி. அளவு நாடாவைத் தொங்கவிட்டேன். களி ஆறரை அடியில் இருந்தது. எட்டடிகூட இல்லை. அவர் எனக்கு அனுமதித்த ஆழத்துக்குள்ளேயே ஒன்றரை அடி மிச்சம் இருந்தது. டிகரோடு அரை மணித்தியால வேலை.

அனுமதி இல்லாத வீட்டுக்குக் காப்புறுதி ஒரு சதமும் கொடுக்கவில்லை. எஞ்சினியர் இதை இயற்கை அனர்த்தம் என்றார், தங்கையின் கிரகபலன் என்றார். இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் மூத்தோர் சங்கமொன்றின் அழைப்பிதழ் எனக்கும் வந்தது. "எரிமலைச் சாம்பல் வழிவந்த மலைச்சரிவு மண்ணின் குணாதிசயங்கள்" என்ற தலைப்பில் அவர் உரையாற்றுகிறார், படக்காட்சியும் உண்டு. போனேன். வளைந்த மரங்களைக் காட்டினார். கூர்க்கல்லைக் காட்டினார். களியைக் காட்டி, "இதைப் படிச்ச கண்ணாலை மட்டும்தான் காண ஏலும்" என்றார். ஆட்கள் கை தட்டினார்கள். தேத்தண்ணி நேரத்தில் இரண்டு பேர் தங்கள் வளவைப் பார்க்க வரச் சொல்லி அவருடைய இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். நான் கடலை வடை ஒன்றை எடுத்து, பாதி தின்று, வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மனிதரை இகழ்வது எனக்கு லேசு. இவ்வளவு நேரமும் அதைத்தான் செய்தேன், மனமாரச் செய்தேன், இன்னும் செய்வேன். ஆனால் தம்பி எடுத்த அந்தப் படம் என் கைபேசியிலும் இருக்கிறது. அதில் எஞ்சினியரின் முகம் இரண்டு விநாடிதான் வருகிறது. முழுக்க வருவது மண் கும்பமும், பூவும், கரையில் ஒரு சேற்றுச் சப்பாத்தும். சப்பாத்து எழும்புகிறது. அந்தரத்தில் நிற்கிறது. "ஏய்" என்ற சத்தம். சப்பாத்து பின்னால் போகிறது. தெரியாதவன் மிதிக்காமல் விட்டது ஒரு கதை. இது தெரிந்தவனுடைய கால்.

ரீச்சர் இப்போது நோபிள் பார்க்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். விட வேண்டிய வயதிலும் வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பேசின் பிள்ளையார் கோயிலுக்கு நானும் மனைவியும் அவரைக் காரில் ஏற்றிப் போவோம். மலை தெரியத் தொடங்கினால் அவர் பேச்சை நிறுத்த மாட்டார். மற்றப் பக்கக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு பேசுவார். சறுக்கிய வருசத்தில் ஒருநாள், மனைவி உள்ளே அர்ச்சனைக்கு நின்றபோது, காருக்குள் இருந்து கேட்டேன். "ரீச்சர், நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு கோவமே?"

"கோவம் இல்லைத் தம்பி. மண் கூடாது எண்டா நீங்கள் ஓடி வந்து சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். அவ்வளவு யோசிக்கிற பிள்ளை. சத்தம் இல்லை எண்டவுடனை, சரி, நல்ல மண்போலை எண்டு நினைச்சிட்டன்."

எஞ்சினியரின் பேச்சை அவர் நம்பவில்லை. என் மௌனத்தை நம்பி விற்றிருக்கிறார். நான் அவர் தந்த காசை எடுத்து நீட்டினேன். அதே நோட்டுகள் இல்லை, அதே தொகை. அவர் என் கையை மெல்ல மடக்கிவிட்டார்.

"அது குழி வெட்டத் தந்த காசு. வெட்டினனீங்களே?"

"இல்லை."

"அப்ப காசாத் திருப்பித் தரேலாது, தம்பி. அது கணக்கிலை வராது."

வருசா வருசம் கேட்டுப் பார்த்தேன். அதே பதில், அதே சிரிப்பு. சறுக்கிய இடத்தில் இப்போது பற்றை வளர்ந்துவிட்டது. அங்கே குழி வெட்டி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்றுக் கராஜில் அந்தத் தயிர் வாளியைத் திறந்தேன். மண் காய்ந்து தூளாகி, நிறம் வெளுத்து, அப்போதும் விளிம்புவரை நின்றது. ஒரு ஓரத்தில் குங்குமம் தெரிந்தது. நிலத்தில் வைத்தேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. குதிக்காலை உள்ளே வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு, இரண்டுதரம் மிதித்தேன். ஒரு சின்னப் பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது. காலை எடுத்துப் பார்த்தபோது மண் பாதி வாளிக்கு வந்திருந்தது.

ரீச்சருக்கு நான் இன்னும் தரவேண்டியது அறுநூற்றைம்பது டொலர்.